பத்துப் பேருக்குச் சம்பளம், ஏழரைப் பேருக்குக் கணக்கு: உள்நாட்டவர் கோட்டாவில் யார் எண்ணப்படுகிறார்?

"நாலு எமிராத்தி வேலை பார்க்கிறார்களே, அப்புறம் ஏன் சிஸ்டத்தில் இரண்டு பேர் குறைவு என்று காட்டுகிறது?" ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் அமீரகத்தில் எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், பி.ஆர்.ஓ. (கம்பெனிக்காக அரசு அலுவலகக் காரியங்களைப் பார்ப்பவர்) வேலை பார்க்கும் நம்மவர்களிடம் முதலாளி கேட்கும் கேள்வி இது. சவுதியில் இருப்பவர்களுக்கு இது வருடம் முழுக்க வரும் கேள்வி. தனியார் கம்பெனிகள் இத்தனை உள்நாட்டவரை (அமீரகத்தில் என்றால் எமிராத்திகளை, அதாவது அந்நாட்டுக் குடிமக்களை) வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற கோட்டாவிலிருந்து பிறக்கிறது இது. கேட்பவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுகிறார். அரசு எண்ணுவது தலைகளை அல்ல, பதிவுகளை. ஒருவருடைய ஒர்க் பெர்மிட், ஓய்வூதியப் பதிவு, வங்கி வழியாகப் போன சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே ஆளை, ஒரே தொகையை, ஒரே கம்பெனியைச் சொன்னால்தான் அவர் எண்ணிக்கையில் ஏறுவார். ஒன்று பிசகினாலும் நீங்கள் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள், கணக்கில் அவர் இல்லை.

அமீரகத்தில் ஆரம்பிப்போம். அங்கேதான் குழப்பம் அதிகம்.

2022-இல் தொடங்கிய விதிப்படி, மனிதவள, எமிரேட்டியாக்க அமைச்சகத்தின் கீழ் (எல்லோர் வாயிலும் மொஹ்ரே) பதிவான, 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தனியார் நிறுவனங்கள், திறன் பணிகளில் எமிராத்திகளின் பங்கை ஆண்டுக்கு 2% கூட்ட வேண்டும். 2026 முடியும்போது அது 10% ஆக வேண்டும். 2023 முதல் இந்த 2%-ஐ இரண்டாகப் பிரித்து, முதல் அரையாண்டில் 1%, இரண்டாம் அரையாண்டில் 1% என்று கேட்கிறார்கள். ப்ரீ சோன் (தனி விதிகள் உள்ள வணிக மண்டலம்) நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே முதலாளிக்கு ப்ரீ சோனில் ஒரு கம்பெனி, அதற்கு வெளியே மெயின்லேண்டில் ஒரு கம்பெனி இருந்தால், ப்ரீ சோன் விசாவில் இருக்கும் எமிராத்தியை மெயின்லேண்ட் கணக்கில் காட்ட முடியாது. அவர் மொஹ்ரே கோப்பிலேயே இல்லை.

"50 பேர்" என்பது மொத்த ஆட்கள். ஆனால் "2%" மொத்த ஆட்களில் இல்லை, திறன் பணியாளர்களில் மட்டும். பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிறுவனம் விதிக்குள் வருகிறதா என்பதற்கு ஒரு எண்ணிக்கை, எத்தனை எமிராத்தி வேண்டும் என்பதற்கு வேறொரு எண்ணிக்கை.

ஒருவர் திறன் பணியாளர் ஆவதற்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும். முதலாவது, மொஹ்ரேயின் தொழில் வகைப்பாட்டில் முதல் ஐந்து நிலைகளில் ஒன்றில் அவர் பதவி இருக்க வேண்டும். மேலாளர்கள் முதல் நிலை, பொறியாளர், கணக்காளர் போன்ற தொழில்முறையாளர்கள் இரண்டாம் நிலை, டெக்னீஷியன்கள் மூன்று, எழுத்தர்கள் நான்கு, விற்பனை, சேவைப் பணிகள் ஐந்து. கொத்தனார், தச்சர், ஓட்டுநர், மிஷின் ஆபரேட்டர், ஹெல்பர் எல்லாம் அதற்குக் கீழே. இரண்டாவது, பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட சான்றிதழ் அல்லது அதற்கு இணையானது, முறைப்படி அட்டெஸ்ட் ஆனது. மூன்றாவது, கமிஷன் நீங்கலாக மாதச் சம்பளம் 4,000 திர்ஹமுக்குக் குறையாமல்.

இப்போது ஒரு கட்டுமான கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 140 பேர். அதில் 86 பேர் சைட்டில் வேலை செய்பவர்கள், கீழ் நிலைப் பதவிகள். மீதி 54 பேரின் பதவிப் பெயர் முதல் ஐந்து நிலைகளில் விழுகிறது. அந்த 54-இல் ஆறு பேர் சேல்ஸ், ஸ்டோர் கிளார்க் பதவிகளில் 2,500, 3,000 வாங்குகிறவர்கள். அவர்கள் போக 48. ஆக இந்த கம்பெனிக்குக் கோட்டா கணக்கிடும் அடித்தளம் 140-உம் இல்லை, 54-உம் இல்லை, 48.

எத்தனை எமிராத்தி வேண்டும் என்பதைச் சதவீதத்தைப் பெருக்கிப் பார்த்தும் சொல்ல முடியாது. 50 திறன் பணியாளர்களுக்கு ஒருவர், அல்லது 50-இன் ஒரு பகுதிக்கும் ஒருவர் என்பதே முறை. 50 வரை ஆண்டுக்கு ஒருவர். 51 முதல் 100 வரை இருவர். 101 முதல் 150 வரை மூவர். அதன் பிறகு ஒவ்வொரு 50-க்கும், அல்லது 50-இல் மிஞ்சும் ஒரே ஒரு ஆளுக்கும், இன்னொருவர். மேலே சொன்ன கம்பெனி டிப்ளமா முடித்த மூன்று பேரை 4,500 திர்ஹமுக்கு சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவாக எடுத்தால் 48 என்பது 51 ஆகிறது, ஆண்டுத் தேவை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவுகிறது. அந்த மூன்றாவது ஆளின் உண்மையான விலை 4,500 அல்ல. குறைவுக்குக் கட்ட வேண்டிய தொகை 2022-இல் ஒரு ஆளுக்கு மாதம் 6,000 திர்ஹம் என்று தொடங்கி, ஆண்டுக்கு 1,000 கூடிக்கொண்டே வருகிறது. 2025-க்கு அது மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. புது ஆள் எடுக்க ஆஃபர் லெட்டர் அடிக்கும் முன்னால், அவர் எத்தனையாவது திறன் பணியாளர் என்று பார்த்துவிட்டு அடிப்பது நல்லது.

பதவிப் பெயர் விஷயத்தில் பழைய பழக்கம் ஒன்று இப்போது கடிக்கிறது. குடும்ப விசாவுக்கு உதவும், வேறு நாட்டு விசாவுக்கு உதவும் என்று பலருக்கும் "மேனேஜர்", "எக்ஸிக்யூட்டிவ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களில் 4,000-க்கு மேல் வாங்குகிறவர்களும் அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் உள்ளவர்களும் இன்று அடித்தளத்தை ஊதிப் பெருக்குகிறார்கள். இதைக் கண்டுபிடித்ததும் சிலர் செய்யும் அடுத்த காரியம் இன்னும் மோசம்: ஒரே வாரத்தில் பத்துப் பேரின் பதவியைக் கீழே இறக்குவது, அல்லது ஆட்களை 49-க்குக் குறைத்துக் காட்டுவது. இலக்கைத் தவிர்க்க ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதும் வகைப்பாட்டை மாற்றுவதும் தனிக் குற்றம். முதல் முறை 1,00,000 திர்ஹம், இரண்டாவது முறை 3,00,000, மூன்றாவது முறை 5,00,000. உண்மையில் ஓட்டுநர் வேலை பார்ப்பவருக்கு ஓட்டுநர் என்று பெயர் மாற்றுவது திருத்தம்தான். ஆனால் வேலை விவரம், சம்பளம், ஒப்பந்தம் மூன்றும் அதைச் சொல்ல வேண்டும். கெடு தேதிக்கு முந்தின வாரத்தில் செய்தால் யாரும் அதைத் திருத்தம் என்று நம்பமாட்டார்கள்.

இனி எண்ணப்படும் பக்கம். எமிராத்தி ஒருவர் கணக்கில் ஏற, மொஹ்ரேயின் செல்லுபடியாகும் ஒர்க் பெர்மிட் வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஓய்வூதிய அமைப்பில் உங்கள் கம்பெனி பெயரில் பதிவாகி, சந்தா கட்டப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் டபிள்யூ.பி.எஸ். (அரசு கண்காணிக்கும் வங்கிச் சம்பள முறை) வழியாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை உண்மையாக இருக்க வேண்டும்.

இதில் அதிகம் தவறுவது ஓய்வூதியம். வெளிநாட்டுப் பணியாளர்களையே நிர்வகித்துப் பழகிய எச்.ஆர். ஆட்களுக்கு கிராஜுவிட்டி தெரியும், ஓய்வூதியச் சந்தா கையில் வந்ததே இருக்காது. வேலையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். 2023 அக்டோபர் 31 முதல், முதல் முறையாகப் பதிவாகிறவர்களுக்குப் புதிய சட்டம்: பணியாளர் 11%, நிறுவனம் 15%. சந்தாச் சம்பளம் (சந்தா கணக்கிடும் சம்பளம்) 20,000 திர்ஹமுக்குக் கீழே என்றால் தனியார் நிறுவனத்தின் 15%-இல் 2.5%-ஐ அரசே ஏற்கும். 8,000 திர்ஹம் சம்பளத்துக்குப் பணியாளர் பிடித்தம் 880, நிறுவனத்தின் கைக்காசு 1,000, அரசு 200. அதற்கு முன்பே எங்காவது பதிவாகியிருந்தவர் பழைய சட்டத்திலேயே தொடர்வார். அதில் பணியாளர் 5%, நிறுவனம் 12.5%, அரசு 2.5%. புதிதாகச் சேர்பவரிடம் "முன்பு எங்காவது ஓய்வூதியத்தில் இன்ஷூர் ஆகியிருந்தீர்களா?" என்று கேட்காமல் சம்பளப் பட்டியல் போட்டால் முதல் மாதமே தப்பு.

இன்னொரு இடறல், மூன்று இடத்தில் மூன்று தொகை. மொஹ்ரே ஒப்பந்தத்தில் 8,000, ஓய்வூதியப் பதிவில் 6,000, வங்கியில் போனது 7,200. பிடித்தம் போக 7,120 போக வேண்டிய இடத்தில் 7,200 போனால் பெரிய கேடு இல்லை, விளக்கிவிடலாம். ஆனால் சந்தாவை மிச்சப்படுத்த 6,000 என்று பதிவு செய்ததற்கு விளக்கம் கிடையாது.

சம்பளத்தின் கீழ்வரம்பும் இப்போது எண்ணிக்கையோடு நேரடியாகக் கட்டப்பட்டுவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் எமிராத்திகளுக்கான புதிய, புதுப்பிக்கும் ஒர்க் பெர்மிட்டுகளில் மாதம் 6,000 திர்ஹம் குறைந்தபட்சம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தை 2026 ஜூன் 30-க்குள் அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் ஜூலை 1 முதல் அவர் கோட்டாவில் எண்ணப்படமாட்டார், கம்பெனிக்குப் புதிய ஒர்க் பெர்மிட்டும் நிற்கும். 5,000 வாங்கும் ஒருவருக்கு 1,000 கூட்டாமல் விட்டு, அந்த ஒரு இடத்துக்காக மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

நஃபிஸ் திட்டத்தில் அரசு எமிராத்திக்குத் தரும் சம்பள உதவியைக் காட்டி, "அதுதான் வருகிறதே" என்று நிறுவனம் தன் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. அது தனி மீறல். அந்த உதவித் தொகை உங்கள் சம்பளக் கணக்கில் எங்கும் வராது. அது அரசுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது.

ஓமான், பஹ்ரைன், சவுதி குடிமக்கள் வளைகுடா நாட்டவர்கள்தானே என்று அமீரகக் கோட்டாவில் சேர்த்துக் காட்டுவது வேலைக்காகாது. இலக்கு எமிராத்திகளுக்கு. அந்த ஓமானிக்கு ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டிய கடமை மட்டும் உண்டு. சவுதியில் இந்த விஷயம் நேர்மாறு. கீழே வருகிறது.

20 முதல் 49 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு வேறு கணக்கு. தகவல் தொழில்நுட்பம், நிதி, ரியல் எஸ்டேட், கல்வி, மருத்துவம், கட்டுமானம், மொத்த, சில்லறை வியாபாரம், போக்குவரத்து, ஹோட்டல் என்று 14 துறைகள். இங்கே திறன் பணியாளர் சதவீதம் எல்லாம் இல்லை. 2024-இல் ஒரு எமிராத்தி, 2025-இல் இன்னொருவர். தவறினால் 2024-க்கு 96,000 திர்ஹம், 2025-க்கு 1,08,000. நம் ஊர்க்காரர்கள் நடத்தும் கடைகளும் காண்ட்ராக்டிங் கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. "நாங்க சின்ன கம்பெனி, எங்களுக்கு இது கிடையாது" என்று 2022-இல் சொன்ன பேச்சை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்களிலேயே அதிகம். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு மத்திய வங்கியின் புள்ளி முறை தனியாக இருக்கிறது. அதில் இங்கே நுழையவில்லை.

கெடு தேதியைப் பற்றி ஒன்று. ஜூன் 28-ஆம் தேதி அவசரமாக ஒருவரை எடுத்து, 30-ஆம் தேதி பெர்மிட் கைக்கு வந்தால் ஜெயித்ததாக நினைக்கிறார்கள். ஓய்வூதியப் பதிவு முடியவில்லை, முதல் சம்பளம் போகவில்லை. அவர் ஆகஸ்டில் விலகிவிட்டால் டிசம்பரில் இரண்டு பேரைத் தேட வேண்டும்: போனவர் இடத்துக்கு ஒருவர், புதிய 1%-க்கு ஒருவர். இலக்கு என்பது "இந்த அரையாண்டில் எத்தனை பேரை எடுத்தாய்" என்பதல்ல, "இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்பது. போன வருடம் எடுத்தவர்களைத் தக்கவைக்காத கம்பெனி ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

அவசரத்தில் இருந்து பிறப்பதுதான் போலி நியமனம். வீட்டில் இருங்கள், மாதம் ஒரு தொகை போடுகிறோம் என்கிற ஏற்பாடு. அமைச்சரவைத் தீர்மானப்படி இதற்கு ஒரு ஆளுக்கு 20,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதம் என்று இருந்தது. 2024-இல் தொழிலாளர் சட்டத்தையே திருத்தி, போலி நியமனத்துக்கு 1,00,000 முதல் 10,00,000 திர்ஹம் வரை, ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகும்படி வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் பதிவுகளைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். அவருக்கு மேசை எது, ஈமெயில் முகவரி உண்டா, யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார், போன வாரம் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். முதலாளியின் உள்நாட்டு ஸ்பான்சர் வீட்டுப் பிள்ளையை எடுத்திருந்தால் இந்தக் கேள்விகள் இரண்டு மடங்கு கூர்மையாக வரும்.

சவுதி: ஆள் முழுசா, அரையா, பூஜ்யமா?

2013-இல் நம் ஊர்ப் பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட பெயர் நிதாகத். சவுதிகளின் பங்கை வைத்து கம்பெனிகளுக்கு நிற வரிசை போடும், 2011-இல் வந்த திட்டம். இன்றைய வடிவம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மஞ்சள் நிறம் போய்விட்டது. சிவப்பு, பச்சையில் மூன்று படிகள், பிளாட்டினம் மட்டும் மிச்சம். முன்பு 49 பேர் வரை ஒரு சதவீதம், 50 ஆனதும் வேறு சதவீதம் என்று படிக்கட்டாக இருந்தது. இப்போது ஆள் கூடக் கூட தேவையான சதவீதம் வளைகோடாக மெல்ல ஏறும். அதனால் ஒரு ஆளைச் சேர்த்ததால் திடீரென்று சிவப்பில் விழும் ஆபத்து குறைந்தது. அமீரகத்தின் 50, 51 தாவல் இங்கே இல்லை.

ஆனால் அமீரகத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: பின்னம். கோசியில் (சவுதியின் சமூகக் காப்பீட்டு அமைப்பு) பதிவான சம்பளம் 4,000 ரியால் அல்லது அதற்கு மேல் என்றால் சவுதி ஒருவர், ஒருவர். 3,000 முதல் 4,000-க்குக் கீழ் வரை என்றால் அரை ஆள். 3,000-க்குக் கீழ் என்றால் பூஜ்யம். பகுதி நேர சவுதி 3,000-ஆவது வாங்கினால் அரை. மணிக்கணக்கில் வேலை செய்யும் நெகிழ்வு ஒப்பந்தக்காரர் மாதம் 168 மணி நேரம் முடித்தால் மூன்றில் ஒரு பங்கு.

பத்து சவுதிகள் உள்ள ஒரு கம்பெனியைப் பாருங்கள். ஆறு பேர் 4,000-க்கு மேல். இரண்டு பேர் 3,500. ஒருவர் 2,800. ஒருவர் பகுதி நேரம், 3,000. கணக்கு: ஆறு, கூட ஒன்று, கூட பூஜ்யம், கூட அரை. ஏழரை. நம்மவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே வயிறு கலங்கும். 3,500 வாங்கும் இருவருக்கும் ஆளுக்கு 500 கூட்டினால் மாதம் 1,000 ரியாலில், கோசி பங்கு நீங்கலாக, ஒரு முழு ஆள் கிடைக்கிறார். புதிதாக ஒருவரை எடுப்பதை விட இது எவ்வளவோ மலிவு. 2,800 வாங்குபவரை 3,000 ஆக்கினால் 200 ரியாலில் அரை ஆள். பல கம்பெனிகள் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்காமலே ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.

இங்கேயும் ஒரு பொறி. 4,000 என்பது கையில் வாங்கும் மொத்தம் அல்ல, கோசியில் பதிவான சந்தாச் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும் சேரும், போக்குவரத்துப் படி சேராது. அடிப்படை 3,000, வீட்டுப்படி 750, போக்குவரத்து 400 என்று 4,150 கொடுக்கிறீர்கள். கோசியில் அவர் 3,750. அரை ஆள். ஒப்பந்தம் போடும்போதே அடிப்படை 3,200, வீட்டுப்படி 800, போக்குவரத்து 150 என்று பிரித்திருந்தால் அதே 4,150-க்கு முழு ஆள். இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. சந்தா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பழைய ஒப்பந்தத்தை மாற்றுவதானால் பணியாளரின் சம்மதமும் வேண்டும், கிவா என்ற அரசின் தொழிலாளர் தளத்தில் உள்ள ஒப்பந்தமும் மாற வேண்டும், கோசியும் மாற வேண்டும்.

ஊனமுற்ற சவுதி ஒருவர், 4,000 ரியாலுக்குக் குறையாத சம்பளத்தில் உண்மையாக வேலை செய்தால், நான்கு பேராக எண்ணப்படுவார். இதற்கு உச்சவரம்பு உண்டு: நிறுவனத்தின் சவுதிகளில் 10% வரைதான் இந்த நான்கு மடங்கு. அந்தப் பத்துப் பேர் கம்பெனியில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும். ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பதும் இந்த வகையைத்தான் அதிகம், ஏனென்றால் ஏமாற்றும் இங்கேதான் அதிகம் நடந்தது.

மற்ற வளைகுடா நாட்டுக் குடிமக்கள் சவுதியில் சவுதிகளுக்குச் சமமாக எண்ணப்படுகிறார்கள். சவுதித் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்து, சவுதி குடியுரிமை இல்லாத பிள்ளைகளும் அப்படியே. பெர்மிட் ஆவணத்தில் எந்த வகையில் பதிவாகியிருக்கிறார் என்று பாருங்கள். சாதாரண இகாமா (வெளிநாட்டவரின் குடியிருப்பு அனுமதி) என்று பதிவாகியிருந்தால் உங்களுக்குச் சாதகமாக வர வேண்டியவர் எதிர்ப்பக்கம் எண்ணப்பட்டுக்கொண்டிருப்பார்.

நிதாகத் பச்சையாக இருந்தால் போதும் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. தொழில்வாரிக் கோட்டா தனி. கணக்காளர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தும் அதற்கு மேலும் கணக்காளர்கள் உள்ள நிறுவனங்களில் 2025 அக்டோபர் 27 முதல் 40% சவுதிகள் இருக்க வேண்டும், அது படிப்படியாக 70% வரை ஏறும். இந்தக் கணக்கில் ஒரு சவுதி எண்ணப்பட, பட்டதாரி என்றால் 6,000 ரியால், டிப்ளமா என்றால் 4,500 ரியால் சம்பளம் வேண்டும், கணக்காளர் அமைப்பின் தொழில்முறை அங்கீகாரமும் வேண்டும். ஆகவே 4,200 ரியால் வாங்கும் சவுதிக் கணக்காளர் நிதாகத்தில் முழு ஆள், கணக்காளர் கோட்டாவில் பூஜ்யம். ஒரே ஆள், ஒரே மாதம், இரண்டு பதில். மருந்தாளர், பொறியாளர், பல் மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனிக் கீழ்வரம்பும் தனி அங்கீகாரமும் இருக்கிறது. கணக்காளர் எண்ணிக்கையில் வெளிநாட்டவர்களும் சேர்வார்கள் என்பதால், "அக்கவுண்டண்ட்" இகாமாவில் வேறு வேலை பார்க்கும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்தச் சதவீதத்தைக் கீழே இழுக்கிறார்.

சிங்கப்பூரில் தலைகீழ்

அங்கே "இத்தனை உள்நாட்டவரை எடு" என்று சொல்வதில்லை. எத்தனை உள்நாட்டவர் இருக்கிறார்களோ அதற்கு ஏற்ற அளவில்தான் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் பணிக்கான அனுமதி) தருவோம் என்கிறார்கள். எண்ணும் விதம் சவுதியைப் போன்றது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்நாட்டவர், சி.பி.எஃப். (மத்திய சேமநிதி) கட்டும் சம்பளம்தான் அளவுகோல். 2024 ஜூலை 1-இல் வந்த அளவுப்படி மாதம் 1,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது அதற்கு மேல் என்றால் ஒருவர், 800 முதல் 1,600-க்குக் கீழ் வரை அரை, 800-க்குக் கீழ் பூஜ்யம். சேவைத் துறையில் மொத்தத்தில் 35% வரை வெளிநாட்டவர். உள்நாட்டுக் கணக்கு 10 என்றால் 10-ஐ 0.65-ஆல் வகுக்க 15.38 வரும், ஆக ஐந்து வெளிநாட்டவர். எஸ் பாஸ் 10% என்பதால் அந்த ஐந்தில் ஒருவர் மட்டும் எஸ் பாஸ். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருக்கும் உயர்நிலைப் பணியாளர் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வரமாட்டார். மூன்று மாத சி.பி.எஃப். சராசரியை எடுப்பதால் இன்று சேர்ந்த உள்நாட்டவரை வைத்து நாளையே ஒர்க் பெர்மிட் கேட்க முடியாது. உணவகம் நடத்துகிறவர்கள் இதை மறந்துவிட்டு, ஆளுக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

மாதாந்தரச் சரிபார்ப்புக்கு ஒரு வழி

எந்த நாடானாலும் மூன்று பட்டியல்களை இறக்கி, அடையாள எண்ணை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். அமீரகம் என்றால் மொஹ்ரே பணியாளர் பட்டியல், ஓய்வூதிய அமைப்பின் பட்டியல், அந்த மாத டபிள்யூ.பி.எஸ். கோப்பு. சவுதி என்றால் கிவா, கோசி, முதாத் (சம்பளப் பதிவுத் தளம்). பெயரை வைத்து ஒட்டாதீர்கள். அரபியில் இருந்து ஆங்கிலத்துக்கு எழுத்து மாறும்போது ஒரே முகம்மது நான்கு விதமாக வருவார். மூன்றில் ஒன்றில் இல்லாதவர் யார், தொகை வேறுபடுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். அடுத்து வெளிநாட்டவர் பட்டியலில் பதவி நிலை, சம்பளம், சான்றிதழ் என்று மூன்று பத்திகள் சேர்த்து, யார் அடித்தளத்தில் வருகிறார் என்று குறியுங்கள். கடைசியாக பெர்மிட் முடியும் தேதி. எமிராத்தியின் பெர்மிட் காலாவதியான நாளில் அவர் கணக்கிலிருந்து இறங்கிவிடுவார், வேலைக்கு வந்துகொண்டேதான் இருப்பார். வெளிநாட்டவருக்கு விசா முடிவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு விசாவே இல்லை என்பதால் யார் கண்ணிலும் படாது.

இதை மாதம் 20-ஆம் தேதி வாக்கில் செய்வது வசதி. அந்த மாதச் சம்பளக் கோப்பு போகும் முன்னால் தொகையைத் திருத்த நேரம் இருக்கும். அமீரகத்தில் மே 20-உம் நவம்பர் 20-உம் மிக முக்கியம். ஒரு ஆள் குறைகிறது என்று அன்று தெரிந்தால் நேர்காணல் வைத்து, ஒப்பந்தம் போட்டு, பெர்மிட் வாங்கி, ஓய்வூதியத்தில் பதிய நாற்பது நாள் கையில் இருக்கிறது. யாராவது ராஜினாமா கொடுத்தால் 20-ஆம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அவருடைய நோட்டீஸ் காலம் முடியும் தேதியையும் அடுத்த கெடு தேதியையும் ஒரே தாளில் எழுதி, அன்றைக்கே முதலாளி மேசையில் வைத்துவிடுங்கள்.